கம்பளி போர்த்திய கம்ப்யூட்டர்

பெல்மதுளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் திருத்தப் போயிருந்தேன். வீட்டுக்கார அம்மாவின் விரல்களில் கொழுந்துக் கறை. பேசும்போதெல்லாம், அந்தப் பெட்டிக்குப் போர்த்தியிருந்த கம்பளியை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்.

"எதுக்கும்மா கம்பளி?"

"ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு நின்னுரும். ஃப்ரீஸ் ஆவுதும்மான்னு மகன் சொல்லுவான். ஃப்ரீஸுன்னா குளுருதானுங்களே. காய்ச்சல்ல அவன் தவறினதுக்கப்புறம் நான்தான் போத்தி வைக்கிறேன். இப்ப மக படிக்கிறா இதுல."

திறந்தேன். காற்றாடி முழுக்கக் கம்பளி நூல்.

"சூட்டுலதாம்மா நிக்குது. போத்தக் கூடாது."

அவர் கம்பளியை எடுத்து மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்தார்.

"நடுங்குறான்னு அவனுக்கும் இதத்தாங்க போத்துனேன். அதுவும் தப்புங்களா?"

இல்லை என்றேன். கையிலிருந்த திருகாணியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.