பெருங்காயம் வைத்த தொட்டி

புருஷனை விட்டுவிட்டுச் சென்னையிலிருந்து காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டுக்கு வந்தபோது, என் சாமான்களில் தெருவில் எல்லோர் கண்ணையும் உறுத்தியது ஒரு செடிதான். ஃபிடில் லீஃப் ஃபிக் என்கிற அலங்காரச் செடி. என் இடுப்பு உயரம். இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம்; இறந்துபோன அப்பச்சியின் அறையில் நான் இருந்துகொண்டேன். அறைக்கு வெளியே, வளவு என்கிற நடுமுற்றத்துத் தூணோரம் செடியை வைத்தேன். மற்ற அறைகள் பங்காளிகளுடையவை, வருஷம் முழுக்கப் பூட்டுத்தான். எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு அந்த வீட்டில் பங்கு கிடையாது.

செடி லேசுப்பட்டதல்ல. இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு இலையை உதிர்க்கும். உச்சிவெயில் பட்டால் கருகும், இருட்டில் வைத்தால் வாடும். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். புழுதி படியப் படிய ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இத்தனை வருஷம் ஒரு மனுஷனின் கோபத்துக்குப் பணிந்து கிடந்தவளுக்கு இதெல்லாம் ஒரு கோபமா?

படைப்பு நெருங்கியது. முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்பிட, பங்காளிகள் எல்லோரும் கூடும் நாள். வெள்ளையடிக்கிற வேலையைப் பார்க்க அப்பச்சியின் அண்ணன், பெரியப்பச்சி, ஒரு மாதம் முன்னதாகவே வந்து இறங்கினார். செடியைப் பார்த்து, இது என்ன சாதி என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அத்தி சாதி. ஆலமரத்துக்குச் சொந்தம்," என்றேன்.

"சுவத்துல ஆலங்கன்னு முளைச்சா வேரோட பிடுங்குற வீடு இது. நீ தண்ணி ஊத்தி வளக்குறியா? படைப்புக்கு முந்தி எடுத்துரு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீயும் வேற இடம் பாத்துக்க. எத்தன நாளைக்கு இப்புடி இங்கயே இருப்ப?" என்றார்.

தொட்டிக்குள் இருக்கிற வேர் எங்கே போய்ச் சுவரைப் பிளக்கும் என்று கேட்டேன். அவர் வெள்ளையடிக்கிறவர்களைப் பார்க்கப் போய்விட்டார். நான் செடியை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் தொட்டியிலிருந்து ரசவாசனை வந்தது. கிளறினால், மண்ணுக்குள் கட்டிப் பெருங்காயம். சுவரில் முளைக்கிற ஆலையும் அரசையும் எங்கள் பக்கம் இப்படித்தான் கொல்வார்கள், வெட்டி, வெட்டின இடத்தில் பெருங்காயத்தை வைத்து. தண்டிலும் கத்தி பட்டிருந்தது. வெள்ளைப் பால் வடிந்து காய்ந்திருந்தது. பெரியப்பச்சி நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அவர் கண்ணெதிரிலேயே தொட்டியைக் கவிழ்த்து, வேரைக் கழுவி, புதுமண் போட்டேன். வெட்டுக்காயத்துக்குக் கீழே தண்டை நறுக்கினேன். மிச்சமிருந்த மொட்டைக் குச்சியை அதே தூணோரம் வைத்தேன்.

"செத்தத எதுக்கு வச்சிருக்க?"

"செத்துருச்சுன்னா நானே எடுத்துர்றேன், பெரியப்பச்சி."

படைப்பன்று குச்சியில் கடுகளவு ஒரு புடைப்பு தெரிந்தது. முளையா, வெறும் முடிச்சா என்று எனக்கே நிச்சயமில்லை. சாப்பாடு முடிந்து பங்காளிகள் வளவில் உட்கார்ந்திருந்தபோது, பெரியப்பச்சி எல்லோர் முன்னாலும் செடியையும் என்னையும் சேர்த்தே பேச்சை எடுத்தார். ஆகாத மரத்தையும் வாழாத பெண்ணையும் வீட்டில் வைத்திருக்கிறோம் என்றார்.

நான் எழுந்து, வந்த நாளிலிருந்து என்னிடம் இருந்த வீட்டுச் சாவிக்கொத்தை நீட்டினேன்.

"தெனம் வௌக்கேத்தணும். மழ பேஞ்சா ஓடு ஒழுகும், ராத்திரியோட ராத்திரியா எந்திரிச்சுப் பாத்திரம் வைக்கணும். வௌவால வெரட்டணும். யாரு இருக்கீக? வாங்கிக்கங்க. நான் இன்னைக்கே கெளம்புறேன்."

சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பங்காளி அண்ணன் போனைப் பார்த்தார். இன்னொருவர் ராத்திரி ரயிலுக்கு நேரமாகிறது என்றார். பெரியப்பச்சி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் வலிக்கிற வரைக்கும் நான் கையை மடக்கவில்லை.

"அப்ப நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்," என்றேன்.