அண்ணன் நிறுத்திய பாட்டு

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு கேசட் கடை இருந்தது. சினிமாப் பாட்டு முன்னால், பக்திப் பாட்டு அதற்கடுத்து. இரண்டிலும் சேராததெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் ஒரு மூலைத் தட்டில் தூசியோடு கிடக்கும். பெயரே கேள்விப்படாத பையன்களும் பெண்களும் தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டு, யார் யாரையோ கெஞ்சிப் பதிவு செய்து வெளியிட்ட கேசட்டுகள். சென்னை, பெங்களூர், பம்பாய், ஷில்லாங் என்று எங்கிருந்தெல்லாமோ வரும். கடைக்காரர் அதற்கு "உங்க சரக்கு" என்று பெயர் வைத்திருந்தார். என்னைத் தவிர அந்தத் தட்டுப் பக்கம் யாரும் போய் நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க அம்மணி, நீங்க சினிமாப் பாட்டே கேக்க மாட்டீங்களா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"அதைத்தான் நீங்க ரோடு பூரா கேக்கற மாதிரி போடறீங்களே. அதுக்கு நான் எதுக்குக் காசு குடுக்கோணும்?" என்றேன்.

யாரும் கேட்காத பாட்டை நான் முதலில் கேட்கிறேன் என்கிற திமிர்தான் எனக்கு அதில் முதல் ருசி. மறுக்க மாட்டேன். ஆனால் திமிர் மட்டுமில்லை. சினிமாப் பாட்டில் யாரும் மூச்சு வாங்குவதில்லை, எல்லாவற்றையும் துடைத்து வைத்திருப்பார்கள். இந்தக் கேசட்டுகளில் பாடுகிறவன் மூச்சு கேட்கும். ஷில்லாங் பையன் ஒருவன் பாட்டு நடுவில் இருமியதை அப்படியே விட்டிருந்தான். சென்னைப் பெண் ஒருத்தி ஹாஸ்டல் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒரு முழுப் பாட்டுப் பாடியிருந்தாள். தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பாடலாம் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

வாங்கிய கேசட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல வீட்டில் ஆள் இருந்தான். என் அண்ணன். அப்பா எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்து, நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். அதன்பின் அம்மாவையும் என்னையும் அண்ணன்தான் பார்த்துக்கொண்டான். தேயிலை ஏலத்துக்குத் தூள் அனுப்பும் ஒரு புரோக்கர் ஆபீசில் அவனுக்கு ருசி பார்க்கும் வேலை. நீண்ட மேஜையில் வரிசையாகக் கிண்ணங்களில் தேயிலைச் சாயத்தை ஊற்றி வைத்திருப்பார்கள். ஒரு கரண்டி எடுத்து, தெரு வரை கேட்கும்படி உறிஞ்சி, வாயில் ஒரு சுற்றுச் சுற்றித் துப்பிவிட்டு, ஒரே ஒரு வார்த்தை சொல்வான். கூட வரும் ஆள் அதை எழுதிக்கொள்வார். அடுத்த கிண்ணத்துக்குப் போய்விடுவான். எந்த பாக்டரித் தூள் என்று தெரிந்தால் வாய் சாயும் என்று பெயர் எழுதிய அட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பான்.

பாட்டையும் அவன் அப்படித்தான் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, ஆப்பமும் குருமாவும் சாப்பிட்டுவிட்டு, டேப் ரிக்கார்டர் பக்கம் காலை நீட்டி உட்காருவான். இரண்டு வரி. அதிகம் போனால் மூன்று. அதற்குள் சொல்லிவிடுவான். "சாயம் இருக்குது, மணம் இல்ல." "கருகிப்போச்சு, ரொம்ப நேரம் வறுத்துட்டான்." பிடித்துவிட்டால் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் அசைப்பான், ஓடட்டும் என்று. அந்தக் கையசைவுக்காக நான் மாதம் முழுக்கத் தட்டைக் கிளறினேன் என்றுகூடச் சொல்லலாம். சண்டையும் போடுவோம். தண்ணீர்த் தொட்டிப் பாட்டை அவன் முதல் வரியிலேயே நிறுத்தச் சொன்னதற்கு நான் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை.

பிறகு தேயிலை விழுந்தது. விலை இறங்கும், ஏறும், அது மலையில் எல்லோருக்கும் பழக்கம்தான். இந்தத் தடவை இறங்கியது ஏறவில்லை. ஏலத்துக்குப் போன மூட்டைகள் கேட்பாரில்லாமல் திரும்பி வந்தன. இலைக்குக் கொடுக்கிற காசு பறிக்கிற கூலிக்கே காணாது என்று தோட்டத்தைப் பறிக்காமலே விட்டார்கள். இத்தலார்ப் பக்கம் செடியைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டவர்களும் உண்டு. அண்ணன் முன் வந்த தூளும் மட்டமாகிக்கொண்டே போனது. முற்றிய இலை, காம்பு, எல்லாம் சேர்த்து அரைத்தது. நாளெல்லாம் அதை வாயில் ஊற்றித் துப்பிவிட்டு வந்து இரவுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இத்தலாரிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். சின்ன பாக்டரி வைத்திருந்தவர், படகர், அண்ணனைவிட மிகவும் மூத்தவர். பையிலிருந்து ஒரு பொட்டலம் தூளை எடுத்து வைத்து, "தம்பி, இதைக் கொஞ்சம் பாத்து நல்லதா ஒரு வார்த்தை போடுங்க. இந்த வாரமும் விக்கலைன்னா மூடறதைத் தவிர வேற வழியில்லை" என்றார். அம்மா சமையலறையிலிருந்து அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் சாயம் போட்டு, உறிஞ்சி, பின்வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்து, "மட்டமுங்க ஐயா. நான் நல்லதுன்னு போட்டாலும் வாங்கறவனுக்கு நாக்கு இருக்குதுங்களே" என்றான். அவர் பொட்டலத்தை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு போனார். ஒரு வார்த்தை பொய் சொன்னால் உனக்கு என்ன குறைந்துவிடும் என்று நான் கத்தினேன். அவன் சாயம் போட்ட கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தான். ஆனால் அன்றைக்கு ஒன்று என் மனதில் பதிந்துபோனது. இவன் வாயில் பொய் வராது.

இதற்கு நடுவில் நானும் பாட ஆரம்பித்திருந்தேன். கான்வென்ட் பள்ளிக்கூட ஆபீசில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. நான் பாடிய கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்த ஒருவனும், கீபோர்டு வாசித்த அவன் தங்கையும் எனக்குச் சிநேகிதம். மூன்று பேரும் சேர்ந்து கோயமுத்தூரில் பக்திப் பாட்டுகள் பதிவு செய்கிற ஒரு சின்ன ஸ்டூடியோவில் நாலு பாட்டுப் பதிவு செய்தோம். அதில் ஒன்று நான் எழுதியது. குன்னூர் மழைக்காலத்தில் துணி காயாது. அதுதான் பாட்டு.

மூணு நாளாக் கொடியில கிடக்குது உன் சட்டை
வெயில் வந்தா வாரேன்னு சொல்லிட்டுப் போனியே

இரண்டாவது சரணத்தில் "வெயிலே" என்று ஒரு வார்த்தை வரும். அதில் குரல் நன்றாக மேலே ஏறி, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு இறங்கும். அந்த இடத்தைப் பாடி முடித்ததும் ஸ்டூடியோக்காரர் கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து தலையாட்டினார்.

கிட்டார்க்காரன் அந்த டேப்பைச் சென்னையில் புதுப் பாடகர்களை வெளியிடுகிற ஒரு சின்னக் கம்பெனிக்கு அனுப்பினான். ஒரு வருடம் இங்கே வந்து தங்கிப் பாடுங்கள், கேசட் போடலாம், ஆனால் சம்பளமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள் என்று பதில் வந்தது. கிட்டார்க்காரனும் அவன் தங்கையும் மூட்டை கட்டத் தயார். நான்தான் முடிவு சொல்லவில்லை. பள்ளிக்கூட வேலையை விட வேண்டும், அம்மாவை விட வேண்டும். பாட்டு நல்ல பாட்டு என்றால் விடலாம். சுமாரான பாட்டுக்காக விட முடியாது. நல்லதா சுமாரா என்று சொல்ல எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டேப்பை அவன் முன்னால் வைத்தேன். சென்னை விஷயத்தையும் சொன்னேன். "உன்ற தங்கச்சிங்கறதை மறந்துட்டுக் கேளுண்ணா. கிண்ணத்துல ஊத்தி வெச்சிருக்குதுன்னு நெனச்சுக்கோ" என்றேன்.

போட்டான். இரண்டு வரி ஓடியது. நிறுத்திவிட்டான்.

"தண்ணியா இருக்குது புள்ள. பால் ஊத்தினா நிக்காது."

அவ்வளவுதான். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் அழுதேனா என்றால், அழவில்லை. டேப்பை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். மறுநாள் கிட்டார்க்காரனிடம் நான் வரவில்லை, நீங்கள் போங்கள், பாட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பாடகர் குழுவில் நிற்காமல் அம்மா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். அண்ணன் மேல் கோபம்கூட வரவில்லை. இத்தலார்க்காரருக்குச் சொன்னதை எனக்கும் சொன்னான், அவ்வளவுதானே. பாத்திரம் கழுவும்போதுகூட அதன்பின் நான் முணுமுணுத்ததில்லை. தண்ணீராக இருப்பதை எதற்கு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்?

புதுப் பாட்டுத் தேடுவது மட்டும் நிற்கவில்லை. ஆனால் வாங்கி வந்து நான் மட்டும் கேட்டேன். அண்ணனும் கேட்கிறேன் என்று சொல்லவில்லை.

ஒன்றரை வருடம் போல ஆகியிருக்கும். அவன் ஆபீசில் ஆட்களைக் குறைத்தார்கள், அண்ணனுக்கும் வேலை போனது. நல்ல வேளையாகக் கொச்சியில் ஒரு தூள் கம்பெனியில் கூப்பிட்டார்கள். அவன் கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் கேசட் கடைக்காரர் கூப்பிட்டார்.

"அம்மணி, உங்க சரக்கு ஒண்ணு புதுசா வந்திருக்குதுங்க. நம்மூர்ப் பசங்களாமா."

அட்டையில் கிட்டார்க்காரனும் அவன் தங்கையும் ஏதோ கடற்கரைச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு பாட்டுக்கு நேராக என் பெயரும் இருந்தது. நல்ல பிள்ளைகள். பாட்டைப் பாடியிருந்தது தங்கை.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தான். நான் கேசட்டைப் போட்டேன். தண்ணீர் என்றாயே, அது கடைக்கு வந்துவிட்டது பார் என்று காட்டுகிற எரிச்சல்தான், வேறொன்றுமில்லை. முதல் இரண்டு வரி முடிந்தது. அவன் நிறுத்தச் சொல்லவில்லை. மடித்துக்கொண்டே இருந்தான். இரண்டாவது சரணம் வந்தபோது அவன் தொண்டையிலிருந்து மெல்ல ஒரு சத்தம். கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். "வெயிலே" என்ற இடத்தில் டேப்பில் அந்தப் பெண் கீழே இறங்கினாள். அண்ணன் குரல் மேலே போனது.

"இங்க எதுக்கு இறங்கறா? நீ மேலதான போவே" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கையில் பாதி மடித்த சட்டையோடு அப்படியே இருந்தான். நான் டேப்பை நிறுத்தினேன்.

"இந்த இடம் வரைக்கும் நீ கேக்கவே இல்லியேண்ணா."

சட்டையைக் கட்டிலில் வைத்தான். "கூடையிலிருந்து எடுத்துட்டேன். ஆபீஸ்ல வெச்சிருந்தேன். எல்லாரும் சாப்பிடப் போனதுக்கப்புறம் கேப்பேன்."

"எப்படி இருந்துது?"

"நீ கொண்டாந்ததுலயே அதுதான் புள்ள நல்ல பாட்டு."

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். நான் டேப்பைக் கொடுத்த அந்த வாரம்தான் ஆபீசில் ஆள் குறைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நானும் போய்விட்டால் அம்மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பயந்திருக்கிறான். உன் சம்பளம் வேண்டும், போகாதே என்று தங்கையிடம் கேட்க வாய் வரவில்லையாம்.

"கேட்டிருந்தா நின்னிருப்பேனேண்ணா" என்றேன். "பாட்டு நல்லாருக்குது, ஆனாப் போகாதேன்னு சொல்லியிருந்தா, பேசாம நின்னிருப்பேன். பாட்டாவது எங்கிட்ட இருந்திருக்கும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். அப்பா செத்தபோதுகூட நான் பார்க்க அவன் அழுததில்லை. எனக்கு அவன் தலையைத் தொட வேண்டும் போலவும் இருந்தது, அறைய வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"ஒரு தடவை பாடு" என்றான்.

அவனுக்காக இல்லை, இருக்கிறதா போய்விட்டதா என்று எனக்கே பார்க்க வேண்டியிருந்தது. பாடினேன். "வெயிலே" வந்தபோது குரல் அந்தப் பெண் போன வழியிலேயே கீழே போனது. திரும்பவும் பாடினேன். திரும்பவும் கீழேதான் போனது. நான் எப்படிப் பாடினேன் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் பாடிக் காட்டினான். அவனுக்கு வராத உயரம், குரல் பிசிறியது. ஆனாலும் சரியாக அங்கே ஏறி, கொஞ்ச நேரம் நின்று, இறங்கினான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை பஸ்ஸில் அவன் கொச்சிக்குப் போய்விட்டான்.