தீ இல்லாத ஆட்டத்துக்குத் தீ நிற அட்டை

போன வாரம் போன் ரிப்பேர் கடைக்குப் போயிருந்தேன். போன் கொஞ்சம் சூடானதும் வெடித்துவிடும் என்று பயந்து ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். அதில்தான் அது செத்தது. என் பயமெல்லாம் இப்படித்தான் முடியும். கடைச் சுவரில் புதுக் கேம் ஒன்றின் பிளக்ஸ். பாதி ஆரஞ்சு, பாதி நீலம், நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தன். பக்கத்தில் வேறொரு கேம். அதுவும் ஆரஞ்சு, நீலம், முதுகு. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

பிளக்ஸ் வாடைக்குப் பழைய அச்சகம் ஞாபகம் வந்துவிட்டது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். குமாரபாளையத்தில் லுங்கி லேபிள் அடிக்கும் அச்சகம் ஒன்றில் சேர்ந்து, கம்ப்யூட்டரில் லேபிள் வரையக் கற்றுக்கொண்டேன். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. நல்ல சரக்குக்குச் சிவப்பு லேபிள் அல்லது பச்சை. நெசவில் குறை விழுந்த செகண்ட்ஸ் சரக்குக்கு மஞ்சள். எழுத்தை யாரும் படிக்க மாட்டார்கள். நிறத்தைப் பார்த்துத்தான் விலையே கேட்பார்கள்.

அந்த நாளில் என் தம்பி மணி சொந்தமாக ஒரு கேம் செய்துகொண்டிருந்தான். உச்சி வெயிலில் காவிரியில் பரிசல் ஓட்டி, சுழியில் மாட்டாமல், ஆட்களைப் பவானிக் கரையில் இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். அது விற்றால் இதே வேலையில் இருப்பான். விற்காவிட்டால் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே போய்விடுவதாக அப்பாவிடம் ஒப்புக்கொண்டிருந்தான்.

சிடிக்கு அட்டையை நான்தான் வரைந்தேன். வெயிலுக்கு மஞ்சள், நடுவே சின்னதாகப் பரிசல். மஞ்சள் வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது. சொன்னால் மணி சிரித்தான்.

"வெயிலு மஞ்சளாத்தானக்கா இருக்கும்? நாம என்ன லுங்கியா விக்கறோம்?"

லுங்கிதான் விற்றோம் போலிருக்கிறது. சிடி கடைக்கு மகனோடு வந்த தறிக்காரர் ஒருவர் எங்கள் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, இது டேமேஜ் மாலுங்களா? எவ்வளவு கொறைப்பீங்க?" என்றார். எடுக்கவில்லை. அடுத்து வந்தவர்களும் எடுக்கவில்லை.

சிடியைத் தூக்கிக்கொண்டு சேலத்தில் ஒரு மொத்த வியாபாரியிடம் போனோம். அவர் அட்டையை மட்டும்தான் பார்த்தார். ஆட்டத்தை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு பக்கம் தீ, ஒரு பக்கம் நீலம், நடுவுல துப்பாக்கியோட கோட்டு போட்ட ஆளு. ரோட்டுல போறவன் கண்ணைக் குத்தணும்."

"எங்க கேம்ல தீயே இல்லீங்களே" என்றான் மணி.

"அட்டையில இருந்தாப் போதும் கண்ணு."

அந்தக் 'கண்ணு' இன்னும் காதில் குத்துகிறது. அட்டையை அவரே மாற்றி அடித்தார். போன வேகத்தில் எல்லாம் விற்றது. வீட்டில் அம்மா கேசரி கிண்டினாள். தீ எங்கே என்று யாராவது கேட்டு வருவார்களோ என்று எனக்கு மட்டும் பயம். நான் எதற்குத்தான் பயப்படவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, பையன்கள் கூட்டமாக எங்கள் ஊர் சிடி கடைக்குத் திரும்பி வந்தார்கள். கடைக்காரர் மணியைக் கூப்பிட்டுவிட்டார். நானும் ஓடினேன்.

"அண்ணா, சுடறது எங்க வருது? எத்தனை தடவை அக்கரைக்குப் போனாலும் ஆறுதான் வருது."

"பரிசல் ஓட்டத்தான் எங்க ஊட்டுல காசு குடுத்தாங்களா?" என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

மணி கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சிடியாக வாங்கி வைத்துக் காசைத் திருப்பிக் கொடுத்தான். கடைசியாக வந்தவன் மிகச் சின்னவன். "தீ எங்கண்ணா?" என்றான்.

"தீ இல்ல சாமி. ஆறுதான் இருக்குது."

அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. தீயைக் காட்டிக் காசு வாங்கினால் தீயைத்தானே கேட்பார்கள்? ஆற்றை ஆறு என்று காட்டி விற்க விடாத அந்த ஆள் மேல்தான் கோபம். மஞ்சளைப் பார்த்ததும் விலையைக் குறைக்கச் சொன்ன எங்கள் ஊர் மேலும்தான். அந்த மாதமே மணி ரிக் வண்டியில் ஏறிவிட்டான். போகுமுன் கேம் இருந்த கம்ப்யூட்டரையும் துடைத்து விற்றுவிட்டான்.

திரும்பி வந்த சிடிகளை மாமா தன் சோளக்காட்டில் குருவி விரட்டக் கயிற்றில் கோத்துக் கட்டினார். வெயிலில் காடே மினுங்கும். லீவில் வந்த மணி அந்தக் காட்டு வழியாகத்தான் பைக்கில் போனான். வண்டியை நிறுத்தவில்லை.

இப்போது அங்கே மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். கயிறு எங்கே போனது என்று மாமாவுக்கே தெரியவில்லை. மணி செய்த ஆற்றில் ஒரு முறையாவது அக்கரை போய்ப் பார்த்திருக்கலாம். பரிசல் கவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் அன்றைக்கு நான் அதை விளையாடவே இல்லை.