பால்குடம் திரிந்த வருஷம்

எங்கள் அக்காவிடம் படித்தவர்கள் இன்று எத்தனையோ தேசங்களில் பெரிய பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் இருக்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அக்கா இரசாயனத்தில் என்ன கண்டுபிடித்தாள் என்று கேட்டால் எனக்குச் சொல்ல வராது. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டின் தொழிற்சாலைகளில் கூலிவேலை செய்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் கெட்டிக்காரப் பிள்ளைகளாகத் தேடிப் பிடித்து, சனிக்கிழமை தோறும் ஃபெரிக் கப்பல் ஏற்றி அழைத்து வந்து சொல்லிக்கொடுத்தாளே, அதைச் சொல்வேன். அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு ஆக்கிப் போட்டவள் நான்தான்.

அப்படிப்பட்டவள் பன்னிரண்டு வயதில் சாக்குத் தைக்கப் போயிருக்க வேண்டியவள்.

அப்போது இந்தத் தீவிலேயே ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் குடியிருந்தோம். அக்கா தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்திருந்தாள். பட்டணத்துப் பெரிய பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. அப்பாவுக்குச் சம்மதம். அம்மாவுக்குத்தான் பயம், பெண்பிள்ளை தனியாக பஸ் ஏறிப் போவதா என்று. கடைசியில் அம்மா முருகன் தலையில் பாரத்தைப் போட்டுவிட்டாள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பது, பால் திரியாமல் அவன் ஏற்றுக்கொண்டால் அக்கா பள்ளிக்கூடம் போகட்டும், இல்லையென்றால் சித்தியோடு சாக்குத் தைக்கப் போகட்டும்.

தண்ணீர்மலை முருகன் கோயில் படியெல்லாம் ஏறி, அம்மா குடத்தை இறக்கிக் கொடுத்தாள். ஐயர் சாய்த்தார். பால் விழவில்லை. கட்டி கட்டியாகத் தயிர்போல விழுந்தது. பின்னால் நின்ற கூட்டம் 'அச்சச்சோ' என்றது. அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து ஒரே வார்த்தைதான் சொன்னாள். "அவன் வேணான்னுட்டான்லா. அடுத்த திங்கள்ல இருந்து சித்தியோட போ."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சாமி விஷயத்தில் அம்மாவை எதிர்த்து அவர் பேசியதே கிடையாது. அக்கா அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. மறுநாள் காலையில் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"பக்கத்து வீட்டு அக்காவும் அதே பால்காரர்கிட்டதான் பால் வாங்குனாங்க. அதே வெயில்ல நம்மகூடவேதான் நடந்தாங்க. அவங்க பால் திரியல. ஏன்?"

"எனக்கு என்னா தெரியும்?"

"எனக்கும் தெரியல. வா, பாப்போம்."

அப்பாவின் காப்பிக்கு வாங்கிய பாலில் பாதியை ஒரு கண்ணாடி கிளாஸில் ஊற்றினாள். மீதியை ஊற்றக் குடத்தைக் கழுவித் தரச் சொன்னாள். அந்தப் பித்தளைக் குடத்தின் கழுத்து குறுகலானது. வீட்டில் என் கை மட்டும்தான் உள்ளே போகும். அதனால் குடம் விளக்குவது எப்போதும் என் வேலை. நான் பயந்து பயந்து ஐந்து தண்ணீர் ஊற்றி அலசிக் கொடுத்தேன். இரண்டையும் வெயிலில் வைத்தாள். மத்தியானம் வரை இரண்டும் திரியவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தான் கழுவுனியா?"

"ஆமா."

அதற்கு மேல் கேட்கவில்லை. மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும் அதேதான். அப்பா மூன்று நாளாகக் கறுப்புக் காப்பி குடித்துவிட்டு, பால் எங்கே என்று கேட்காமலே வேலைக்குப் போனார். அக்கா குடத்துக்குப் பக்கத்தில் குந்தி, ஒன்றும் புரியாதவள்போல மோவாயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு இவ்வளவுதானா மூளை என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

நாலாம் நாள் பொறுக்க முடியாமல் சொன்னேன். "அன்னைக்கு இப்படிக் கழுவல. புளி போட்டு விளக்கிட்டு, ரதம் பாக்க ஓடிட்டேன். வந்து ஒரே ஒரு தண்ணிதான் ஊத்துனேன்."

"அப்படியா? அப்ப அதே மாதிரி கழுவு."

கழுவினேன். பால் ஊற்றி வைத்தாள். மத்தியானம் எட்டிப் பார்த்தால் கட்டி கட்டியாக மிதக்கிறது. எனக்கு அடி உதை எல்லாம் மறந்துபோனது. "புளி! அக்கா, புளி!" என்று கத்திக்கொண்டு குடத்தோடு அடுப்படிக்கு ஓடினேன். கையில் எதையோ பிடித்துவிட்ட சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

அம்மா குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கரண்டிக் காம்பால் என் மண்டையில் இரண்டு போட்டாள். "அப்ப முருகன் ஒண்ணும் சொல்லலியாடி?" என்று அழுதாள், அழும்போதே சிரித்தாள். வந்த கிருத்திகைக்குக் குடத்தைத் தானே முகர்ந்து பார்த்து, மறுபடியும் படியேறினாள். ஐயர் சாய்த்ததும் பால் அறாமல் வெள்ளைக் கோடாக விழுந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை அக்கா பட்டணத்து பஸ் ஏறினாள். நான் தெரு முழுக்க, நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லித் திரிந்தேன்.

போன மாதம் அக்காவுக்குப் பெரிய விருது கொடுத்தார்கள். அவளிடம் படித்த பெண் ஒருத்தி, இப்போது அவளே பேராசிரியர், மேடையேறி, "மேடத்துக்கு பதில் தெரியும். ஆனா நாங்களா கண்டுபிடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டாங்க" என்று சொல்லவும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு ஒரு கணம் கை எழவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டேன்.

"குடத்துப் புளி உனக்கு எப்ப தெரியும்?"

"மலையில குடத்த எறக்குனப்பவே வாசம் வந்துச்சு."

"அப்பவே சொல்ல வேண்டியதுதான?"

"படிக்கணும்னு ஆசப்படுற நான் சொன்னா அம்மா நம்புவாங்களா? அடி வாங்கப் போற நீ சொன்னாத்தான் நம்புவாங்க."

"நான் சொல்லாமலே இருந்திருந்தா?"

"சொல்லுவன்னு தெரியும்லா."

அந்த நாலு நாளும் அவள் தன் படிப்பு மொத்தத்தையும் ஓர் எட்டு வயதுப் பிள்ளையை நம்பி விட்டுவிட்டுக் காத்திருந்தாள். அந்தப் பிள்ளைக்கோ, கரண்டியில் எத்தனை அடி விழும் என்பது ஒன்றுதான் கவலை.