நாளைக்கு யாரு, சார்?

எங்கள் அணியின் பையில், பந்துகளுக்கு அடியில், மஞ்சள் பிப்கள் கிடக்கும். சட்டைக்கு மேல் மாட்டிக்கொள்கிற கையில்லாத மெல்லிய பனியன். பயிற்சியில் இரண்டு பக்கத்தையும் பிரித்துக்காட்ட வைத்திருக்கிறோம். எல்லாம் புதிதாக வாங்கியவைதான். ஆனாலும் மஞ்சளை மட்டும் நான் என் கையால் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று பையைத் திறந்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பேன். காரணம் தெரிந்தால் அணிப் பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தான்.

எனக்கு ஆஸ்திரேலியக் கால்பந்து சொல்லிக்கொடுத்தவர் போசரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தார். சார் என்போம். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து புனேவுக்கு வந்த குடும்பம். தமிழில் தொடங்கும் வாக்கியத்தை இந்தியில் முடிப்பார். முட்டை வடிவப் பந்து, காலால் உதைக்கலாம், கையில் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தி அடுத்தவளுக்கு அனுப்பலாம். இப்படி ஓர் ஆட்டம் இருப்பதையே கசார்வாடியில் எங்கள் சந்தில் யாரும் நம்பவில்லை. ரக்பியா என்று கேட்பார்கள். விளக்கி அலுத்துப்போய் ஆமாம் என்றுவிடுவேன். சேர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. நன்றாக ஓடுவேன். ஆனால் நான் உதைத்த பந்து எங்கே போகும் என்பது அந்தப் பந்துக்கே தெரியாது.

சார் பார்த்தார், எனக்கென்று ஒரு வேலை கண்டுபிடித்தார். எதிரணியில் யார் கெட்டிக்காரியோ அவளை ஆட்டம் முழுக்க ஒட்டிக்கொண்டே ஓட வேண்டும். அவள் நின்றால் நிற்க வேண்டும், திரும்பினால் திரும்ப வேண்டும், பந்து அவள் கைக்குப் போகவிடக் கூடாது. இதற்கு டேக்கர் என்று பெயர். எனக்குப் பந்து கிடைக்கிறதா இல்லையா என்பது கணக்கிலேயே இல்லை. நான் அதில் கைதேர்ந்துவிட்டேன். கோந்து என்று பெயர் வைத்தார்கள், அதில் எனக்குப் பெருமை வேறு. ஒவ்வொரு சனிக்கிழமையும் பயிற்சி முடிந்ததும் சாரிடம் போய், “நாளைக்கு யாரு, சார்?” என்பேன். அவர் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்வார். அன்றிரவு அந்தப் பெயரோடுதான் தூங்குவேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் அம்மா ரொட்டி போட்டுக்கொண்டே கேட்பாள்: “இன்னிக்காவது பந்து உன் கைக்கு வந்துச்சாடி?” அது என் வேலை இல்லை என்று எரிந்து விழுவேன். விளையாட்டே தெரியாத அம்மாவுக்குத்தான் சரியான கேள்வி தெரிந்திருந்தது.

டேக்கராக ஆடுவது வீண் என்று சொல்லமாட்டேன். பந்து வருவதற்கு முன்பே நல்ல ஆட்டக்காரி எங்கே போய் நிற்கிறாள் என்பதை அவள் முதுகைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றேன். எழுதிக்கொடுத்த எழுத்தின்மேல் குழந்தை எழுதிப் பழகுகிற மாதிரி. ஆனால் என் சிலேட்டில் கடைசிவரை அடுத்தவர் எழுத்துதான் இருந்தது.

பிறகு தேசிய முகாமுக்கான தேர்வு வந்தது. பல அணிப் பெண்களையும் கலந்து, சிவப்பு மஞ்சள் என்று பிப் கொடுத்து ஆடவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாள் என்று பார்க்கத்தான் வந்திருந்தார்கள். எனக்கு மஞ்சள். யாரை ஒட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. விசில் ஊதியதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்போது விஷ்ராந்த்வாடி அணியின் தலைவி கண்ணில் பட்டாள். எத்தனையோ ஞாயிறுகள் நான் ஒட்டிக்கொண்டு ஓடிய பெண். அப்பாடா என்றிருந்தது. ஓடிப்போய் அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவளுக்கு வந்த பந்தைத் தட்டியும் விட்டேன். அவள் தன் பனியனைப் பிடித்து இழுத்துக் காட்டி இந்தியில் கேட்டாள், நாம இரண்டு பேரும் மஞ்சள்தானே, என் பின்னாடி ஏன் வர்றே என்று.

மைதானமே சிரித்தது. நான் சாரைப் பார்த்தேன். கோட்டுக்கு வெளியே நின்றிருந்தவர் குனிந்து, கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

தேர்வாகவில்லை என்று சொல்லத் தேவையில்லை. பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்த சார், எனக்கான பஸ் கண்ணில் பட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். “அரே, உன் தப்பு இல்லம்மா. உனக்குக் கிக் வராதுன்னு எனக்கு மாலூம். நீ ஒட்டிக்கிட்டா நாம ஜெயிக்கிறோம். அடுத்த சீசன்ல சிகாயிக்கலாம், அடுத்த சீசன்ல சொல்லிக்குடுக்கலாம்னு விட்டுட்டேன்.” நான் பஸ் ஏறிவிட்டேன். அடுத்த சீசனில் சார் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். அந்தச் சிரிப்பு எனக்கு அவமானமாக இருந்தது. அதற்கெல்லாம் காரணம் சார் என்று பல வருடம் அவர்மேல் கோபமாகவே இருந்தேன்.

இப்போது அதே மைதானத்தில் நான் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன ஞாயிறு நாங்கள் ஜெயித்தே ஆக வேண்டிய ஆட்டம். எதிரணியில் ஒருத்தி எங்களைக் கிழித்துக்கொண்டிருந்தாள். எங்களிடம் புதிதாகச் சேர்ந்திருக்கிற ஒரு சின்னப் பெண், கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவர்களின் மகள், நன்றாக ஓடுவாள். உதை சரியாக வராது. பாதி ஆட்டத்தில் அவளைக் கூப்பிட்டு, பந்தை மறந்துடு, அவளை மட்டும் விடாதே என்றேன். சொல்லும்போது வாய் கூசவே இல்லை. அவள் பிசகாமல் செய்தாள், நாங்கள் ஜெயித்தோம். நானே எல்லாருக்கும் வடாபாவ் வாங்கிக் கொடுத்தேன்.

நேற்று பயிற்சிக்கு முதல் ஆளாக வந்துவிட்டாள். பையைத் துழாவி மஞ்சளை எடுத்து மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். முகமெல்லாம் சந்தோஷம். “அக்கா, நெக்ஸ்ட் வீக் யாரு?”

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இது எங்கே கொண்டுபோய் விடும் என்று சாருக்காவது நடந்த பிறகுதான் தெரிந்தது. எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யாரும் இல்லை என்று சொல்லி, மஞ்சளைக் கழற்றச் சொல்லி என் கையில் வாங்கிக்கொண்டேன். பந்தைக் கொடுத்து உதை என்றேன். யாருக்கு என்று கேட்டாள். யாருக்கும் இல்லை, உனக்குத்தான் என்றேன். புரியாமல் உதைத்தாள். பந்து எங்கேயோ போய் வேலிப் பக்கம் விழுந்தது. எடுத்துவர நானும் நடந்தேன். அவள் எனக்கு முன்னால் ஓடுவாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், என் தோளுக்குப் பக்கத்திலேயே, ஒரு அடி பின்னால் வந்துகொண்டிருந்தாள்.