பெரியவளின் வரிசை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் பெரியவளிடம் பொறாமை பல வருடங்களாக வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. அது அவளுக்கும் தெரியும். காலி பண்ணச் சொல்லிப் பார்த்திருக்கிறாள், போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி புது வண்டி வாங்கினாலும், முன்கடையில் பில் போடுகிற பெண்ணுக்குச் சம்பளம் கூடினாலும் அந்தப் பொறாமை புரண்டுகூடப் படுக்காது. அது துள்ளி எழுந்து உட்கார ஒரே ஒரு ஆள் போதும். உடன்பிறந்த தங்கை, சின்னவள்.

இருவரும் ஒரே கட்டிலில், தலைமாட்டில் ஒரே டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள். பாட்டுப் பைத்தியம் முதலில் பிடித்தது பெரியவளைத்தான். அவளிடமிருந்துதான் அது சின்னவளுக்குத் தொற்றியது. ஒரே பைத்தியம்தான். ஆனால் சின்னவள் பெரிய நகரத்துக்குப் போய், ஓர் இசை மாத இதழில் விமர்சகராகி, கேட்பதற்கே சம்பளம் வாங்கினாள். பெரியவள் இங்கே, ஒரு காதில் மட்டும் இயர்ஃபோனைச் செருகிக்கொண்டு, சுழலும் கல்லில் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு காது கல்லுக்கு. கல்லின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் கையை எடுத்துவிட வேண்டும். மயிரிழை கூடுதலாகத் தேய்ந்தால் லென்ஸ் ஃப்ரேமுக்குள் ஆடும்.

“பாதிக் காதால கேக்கறவ நான், முழுக் காதால கேக்கறவ அவ,” என்று கணவனிடம் ஒருநாள் சொன்னாள்.

“ரெண்டு காதாலயும் நான் சொல்றத யாரும் கேக்கறதில்ல,” என்றான் அவன்.

அந்த வருடம் இதழ் பெரிய ஏற்பாடாக ஒன்று செய்தது. ஐம்பது விமர்சகர்களைக் கூட்டி, தலைசிறந்த நூறு ஆல்பங்களை வரிசைப்படுத்தி வெளியிட்டது. முதலிடம் ‘ஈரச் சுவர்’ என்ற பழைய ஆல்பத்துக்கு. அதைப் பற்றிய குறிப்பை எழுதும் பெருமை சின்னவளுக்கு. கூடவே அவள் படமும். கன்னத்தில் கை வைத்து, தூரத்தில் எதையோ கேட்கிறவள்போல.

“வீட்ல பாத்திரம் விழுந்தாக்கூடக் காதுல வாங்காதவ,” என்று அந்தப் படத்தைப் பார்த்துப் பெரியவள் முணுமுணுத்தாள்.

சனிக்கிழமை மாலை கடை மூடியதும் பின்னறையில் மூன்று பேர் கூடுவார்கள். பெரியவள், அடுத்த கட்டடத்து மருந்துக்கடைக்காரர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் மாஸ்டர். வேலை பாட்டைப் பற்றிச் சண்டை போடுவது. வாதத்தில் தோற்றவர் டீ கிளாஸ் கழுவ வேண்டும் என்பது விதி. தோற்றதாக ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை என்பதால் கிளாஸ்கள் திங்கட்கிழமை வரை காய்ந்து கிடக்கும். கடை முதலாளியம்மா திட்டிக்கொண்டே கழுவுவார்.

அந்த வாரம் மாஸ்டர் இதழைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிறவர் மாதிரி வந்தார்.

“நூறு ஆல்பம். அதுல ஆடுற மாதிரி ஒண்ணாவது இருக்கா? இவங்கல்லாம் பொறந்தநாள் பார்ட்டிக்குப் போனாலும் மூலையில உக்காந்து அழுதுட்டுத்தான் வருவாங்க போல!”

“உங்களுக்கு ஆல்பம்னா என்னன்னே தெரியாது மாஸ்டர்,” என்றார் மருந்துக்கடைக்காரர். “அது மருந்துச் சீட்டு மாதிரி. சாப்பாட்டுக்கு முன்னாடி எது, பின்னாடி எதுன்னு ஒரு வரிசை இருக்கு. நீங்க பாட்டுப் பாட்டாப் பொறுக்கித் தின்கிற ஆளு.”

“நான் பொறுக்கித் தின்னாலும் செரிக்குது. எட்டாவதுன்னு ஒண்ணு போட்டிருக்காங்களே, அது கல்லு. தண்ணி குடிச்சாலும் உள்ள எறங்காது.”

“எட்டாவது மேல கைய வெச்சீங்க, இனிமே உங்க தலைவலிக்கு என் கடையில மாத்திரை கிடையாது!”

மாஸ்டர் பெரியவள் பக்கம் திரும்பினார். “லென்ஸக்கா, நீங்க உங்க தங்கச்சிகிட்டயாவது கேட்டுச் சொல்லுங்களேன். எத வெச்சு மார்க் போடறாங்க?”

இதுதான் பெரியவளுக்குப் பொறுக்காது. வருடக்கணக்காக இந்த அறையில் கடைசி வார்த்தை அவளுடையதாக இருந்தது. சின்னவளின் படம் இதழில் வரத் தொடங்கியதிலிருந்து, அவளிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. தங்கையிடம் கேட்டுச் சொல்லச் சொல்கிறார்கள்.

“எனக்குத் தெரியாது. நான் என்ன அவளுக்கு போஸ்ட்மேனா?” என்றாள்.

மாஸ்டர் சிரித்துக்கொண்டே முதலிடத்துக் குறிப்பை உரக்கப் படித்தார்: “‘ஈரச் சுவர்’ ஒரு நாற்காலி இழுபடும் சத்தத்தில் தொடங்குகிறது. யாரோ உட்காருகிறார்கள். ஒரு மூச்சு. அதன் பிறகே குரல். இப்படித் தொடங்கத் துணிந்த ஆல்பத்தை நான் வேறு கண்டதில்லை. பள்ளி நாட்களில், யார் துணையுமின்றி, நானே கண்டெடுத்த ஆல்பம் இது.”

யார் துணையுமின்றி. பெரியவளுக்குக் காதோரம் சுட்டது. அந்த ஆல்பத்தை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தது யார்? சின்னவள் தூங்கி வழிந்தபோது உலுக்கி எழுப்பி, “இதைக் கேளுடீ” என்றது யார்?

“இருங்க, இருங்க,” என்று மாஸ்டர் நிறுத்தினார். “நாற்காலிச் சத்தத்துல எங்க ஆரம்பிக்குது? டிரம்ஸ்தானே முதல்ல வரும்?”

மருந்துக்கடைக்காரர் ஃபோனை எடுத்து ஆல்பத்தை ஓடவிட்டார். டிரம்ஸ். சந்தேகமே இல்லை. விரலால் தள்ளித் தள்ளிப் போனார். நாற்காலி இழுபடும் சத்தம் நடுவில் வந்தது. பழைய இசைத்தட்டில் இரண்டாம் பக்கம் தொடங்கும் இடம் அது.

மாஸ்டர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். “நம்பர் ஒன்னு குடுத்திருக்காங்க, வாசல் எதுன்னே தெரியல! பின்கதவு வழியாப் பூந்துட்டு, ஆகா வீடு பிரமாதம்ங்கறாங்க!”

“இதழுக்கு எழுதியே ஆகணும்,” என்றார் மருந்துக்கடைக்காரர். “நாங்க ரெண்டு பேரும் எழுதறோம். நீங்க வேணாம் லென்ஸக்கா. குடும்ப விஷயம்.”

பெரியவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. மறைக்க முடியாமல் டீ கிளாஸை வாயருகே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கன்னத்தில் கை வைத்த அந்தப் படத்தின் கீழே இந்தத் திருத்தம் வரும். ஐம்பது விமர்சகர்களும் பார்ப்பார்கள்.

இரண்டாவது வாய் டீ தொண்டையில் இறங்கும்போதுதான் அது உறைத்தது.

வகுப்புத் தோழி வீட்டில், தோழியின் அப்பா வருவதற்குள் அவசர அவசரமாக அந்த இசைத்தட்டை டேப்பில் பதிவு செய்தவள் பெரியவள். தட்டு ஏற்கெனவே பிளேயரில் கிடந்தது, இரண்டாம் பக்கம் மேலாக. அதைப் பார்க்காமல் பொத்தானை அழுத்திவிட்டாள். முதல் பக்கம் பிறகு வந்தது. அந்த டேப் நாடா தேய்கிற வரைக்கும் இருவரின் தலைமாட்டில் ஓடியது. பிற்காலத்தில் சி.டி. வாங்கிச் சரியான வரிசையைக் கேட்டபோது, தான் இல்லாத நேரத்தில் யாரோ வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிவிட்டதுபோல அவளுக்கு எரிச்சல் வந்தது. அதற்குள் சின்னவள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். சொல்ல வாய்க்கவில்லை, சொல்லவும் தோன்றவில்லை.

ஆக, ‘ஈரச் சுவர்’ நாற்காலியில் தொடங்குவது உலகத்திலேயே ஒரே ஒரு டேப்பில். அந்த டேப்பின் பொத்தானை அழுத்திய விரல் பெரியவளுடையது. யார் துணையுமின்றி என்று எழுதியவள், அதற்கு மேல்வரியிலேயே அக்காவின் கைரேகையைப் பதித்து வைத்திருக்கிறாள்.

“எந்த அதிமேதாவி இப்படி மாத்திக் கேட்டிருக்கும்!” என்று மாஸ்டர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பெரியவளால் தாங்க முடியவில்லை. ஆல்பத்தைக் கண்டெடுத்த பெயரைத்தான் சின்னவள் எடுத்துக்கொண்டாள். இப்போது தப்பாகக் கேட்ட பெயரும் அவளுக்கா?

“அந்த அதிமேதாவி நான்தான்,” என்றாள். “அவ தப்பே இல்ல. நான்தான் மாத்திப் பதிவு பண்ணேன். அவ கேட்டது பூரா என் டேப்பு.”

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தங்கச்சிய விட்டுக்குடுக்காம பழியத் தன்மேல போட்டுக்கறீங்க பாருங்க. இந்த மனசு யாருக்கு வரும்?”

“மனசும் இல்ல, மண்ணும் இல்ல! நிஜமாவே என் டேப்பு!”

“போதும் லென்ஸக்கா, புரியுது,” என்றார் மாஸ்டர் தணிந்த குரலில். “எங்க அக்காவும் இருக்காளே. நான் பரீட்சையில ஃபெயிலானத இன்னிக்கு வரைக்கும் கேக்காதவங்ககிட்டயும் சொல்றா. சரி, இதழுக்கு எழுத வேணாம். உங்க முகத்துக்காக விட்டுடறோம்.”

வரலாற்றில் முதல்முறையாக அன்று மாஸ்டர் எழுந்துபோய்க் கிளாஸ்களைக் கழுவினார். பெரியவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பழிவாங்கும் வாய்ப்பும் போனது, சொன்ன உண்மையும் போனது. கையில் மிஞ்சியது நல்ல அக்கா என்ற பட்டம். அதை அவள் கேட்கவேயில்லை.

அடுத்த வேலைநாளில், சாப்பாட்டு இடைவேளையில், தங்கையை ஃபோனில் அழைத்தாள்.

“என்னக்கா, அதிசயமா?”

“‘ஈரச் சுவர்’ எதுல ஆரம்பிக்குது?”

“இதென்ன பரீட்சையா? நாற்காலியில.”

“போட்டுக் கேளு.”

“எதுக்கு? எனக்குத்தான் மனப்பாடமாச்சே. இப்ப ஒரு மீட்டிங் வேற—”

“போட்டுக் கேளுடீ.”

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். பிறகு மெல்லிசாக டிரம்ஸ்.

“இது ஏதாவது புதுப் பதிப்பா அக்கா?”

“உலகம் பூரா இப்படித்தான். நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் நாற்காலி. ரெண்டாம் பக்கத்த நான் முதல்ல பதிவு பண்ணிட்டேன்.”

“ஐயோ. ஐயையோ. இத்தனை பேரு படிச்சாங்களே, ஒருத்தரும் சொல்லலையே!”

“அவங்களும் மனப்பாடம்னு நெனச்சிருப்பாங்க.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“ரொம்ப நாளா.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“நீதான் யார் துணையும் இல்லாமக் கண்டெடுத்தவளாச்சே. அதுல நான் எங்க வந்து சொல்றது?”

“அது... அப்படி எழுதினா அந்த இடம் நல்லா இருந்துச்சுக்கா.”

“நல்லாத்தான் இருந்துச்சு.”

“கோபமா?”

“பொறாமை.” அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுப் பெரியவளே திடுக்கிட்டாள். வந்தது வந்துவிட்டது. “ஆமாம்டீ, பொறாமைதான். நீ எழுதறே, சம்பாதிக்கறே, அதுக்கில்ல. நான் கேட்ட மாதிரியேதான் நீயும் கேக்கறே. அத உன்னோடதுன்னு எழுதறே பாரு, அதுக்கு.”

“திருத்தம் போடச் சொல்றேன்,” என்றாள் சின்னவள். “உன்னையும் சேர்த்தே போடச் சொல்றேன்.”

அடுத்த இதழ் வந்தது. சந்தா விளம்பரத்துக்குக் கீழே, பெரியவள் தேய்க்கும் லென்ஸ் ஒன்றை வைத்துத்தான் படிக்க முடியும் என்கிற அளவு எழுத்தில் திருத்தம் இருந்தது. ‘ஈரச் சுவர்’ ஆல்பத்தின் தொடக்கம் தவறாகக் குறிப்பிடப்பட்டதாம். வீட்டில் வரிசை மாறிப் பதிவான ஒலிநாடா ஒன்றே காரணமாம். வருந்துகிறார்களாம்.

வீட்டில். ஏதோ வீட்டுச் சுவரே எழுந்து வந்து பொத்தானை அழுத்தியதுபோல.

“அக்கான்னுதான் எழுதிக் குடுத்தேன். எடிட்டர் வெட்டிட்டார்,” என்று சின்னவளிடமிருந்து செய்தி வந்தது. பெரியவள் அதில் பாதியை நம்பினாள்.

ஆனால் சனிக்கிழமைக் கூட்டம் இப்போது அவளை முழுதாக நம்பியது. அச்சில் வந்துவிட்டதே. ‘ஈரச் சுவரை’ அவள் வரிசையில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். நாற்காலி இழுபட்டது. மூச்சு. குரல். மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்டர் வாயே திறக்கவில்லை. அது அவரைப் பொறுத்தவரை பெரிய மரியாதை.

“இதுதான் சரியான வரிசை,” என்றார் கடைசியில். “உண்மையான வரிசைதான் தப்பு.”

அந்த வாரம் பெரியவள் தேய்த்த லென்ஸ்களெல்லாம் முதல் தடவையிலேயே ஃப்ரேமில் உட்கார்ந்தன.

ஒரு பிற்பகல் கல்லை நிறுத்திவிட்டு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தெருவிலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. முன்கடைக்கு வந்து எட்டிப் பார்த்தாள். மாஸ்டரின் பயிற்சிக் கார் கடைக்கு எதிரே சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி ஓர் அம்மாள். பக்கத்தில் மாஸ்டர், ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, பயம் தெளிவிக்கப் பாட்டும் பேச்சுமாக இருந்தார்.

“இந்த ஆல்பத்த இந்த வரிசையிலதான் கேக்கணும்மா. ஒரு பெரிய விமர்சகர் கண்டுபிடிச்சது. எல்லாப் பத்திரிகையிலயும் வந்துச்சே!”

பெரியவள் ஈர ஏப்ரனோடு, கையில் பாதி துடைத்த லென்ஸோடு தெருவில் இறங்கினாள்.

“யாரு கண்டுபிடிச்சது மாஸ்டர்?”

மாஸ்டரின் கை தானாகச் சத்தத்தைக் குறைக்கப் போனது. “லென்ஸக்கா! அது வந்து, விளக்கிச் சொல்லிட்டிருந்தா நேரமாகும்னு... பாருங்க, பச்சை விழுந்துடுச்சு.”

“விழட்டும். சத்தத்தக் குறைக்காதீங்க.” ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு அந்த அம்மாளிடம் குனிந்தாள். “அது நான் போட்ட வரிசைங்க. அந்த விமர்சகர் என் தங்கச்சி. அவ என் பக்கத்துல படுத்துத் தூங்கிட்டிருந்தா.”

“எனக்கு கிளட்ச் எதுன்னே இன்னும் பிடிபடலைங்க,” என்றாள் அந்த அம்மாள் நெற்றி வியர்த்து. “யாரு போட்டா என்ன?” சொல்லிக்கொண்டே காலை எதிலிருந்தோ எடுத்தாள். கார் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. பின்னால் ஹாரன்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு அலறத் தொடங்கின.

“பரவால்ல, பதறாதீங்க,” என்றாள் பெரியவள். “இந்தப் பாட்டு முடிஞ்சு அடுத்தது வரட்டும். நடுவுல ஒரு சின்ன இடைவெளி வரும். அதத்தான் கவனிக்கணும்.”

வண்டியும் நகரவில்லை, ஜன்னலிலிருந்து அந்தக் கையும் நகரவில்லை. வேறு வழியில்லாமல் அந்த அம்மாள் கேட்டாள். மாஸ்டர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். பாட்டு முடிந்தது. இடைவெளி. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகள் கொஞ்சம் தளர்ந்தன. அடுத்த பாட்டின் முதல் வரி வந்ததும் அந்த அம்மாள் தலையைத் திருப்பி, ஹாரன் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்தினாள்.

“யாரு போட்டதுன்னு சொன்னீங்க?”

பெரியவள் லென்ஸை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் குனிந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.