தண்ணீர் கேட்டு வந்த சிஸ்டர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அடுப்பை அணைத்துவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுத்த நேரத்தில் நம் பழைய மாணவி டெல்சி வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரி நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றவில்லை. "வாம்மா" என்றேன். செருப்பையும் கழற்றவில்லை. "ஆன்ட்டி, ஒரு டம்ளர் தண்ணி குடு" என்றாள். கொண்டு வந்து கொடுத்தேன். நிறுத்தாமல் குடித்து, டம்ளரை என் கையில் திருப்பிக் கொடுத்த பிறகுதான் சொன்னாள்.

"லூர்து சிஸ்டர் பூட்டாங்க ஆன்ட்டி. முந்தாநேத்தே. நேத்து அடக்கமும் ஆயிடுச்சாம்."

மூன்று வருடம் முன்பு மாற்றலாகிப் போன மலையோர மடத்தில்தான் சிஸ்டர் லூர்து செல்வி இறந்தார். இருதயம். அங்கேயே அடக்கம். நமக்குத் தகவல் சொல்ல அவர்களிடம் யார் நம்பரும் இல்லை. டெல்சி வழக்கம்போல சனிக்கிழமை மடத்துக்குப் போன் போட்டிருக்கிறாள், வேறு குரல் எடுத்திருக்கிறது. திருவொற்றியூரிலிருந்து ஒருவராவது போய் முகம் பார்த்திருக்கலாம் என்ற ஆதங்கத்தை இன்னும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

டெல்சி கேட்ட அந்த ஒரு டம்ளர் தண்ணீர் எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால், சிஸ்டரைப் பற்றி முதலிலிருந்து சொல்ல வேண்டும். நம் பள்ளியின் சேவைக் குழுவில் இருந்து, சனிக்கிழமை தோறும் அவர் குடைக்குப் பின்னால் வெயிலில் நடந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன், ஒன்றைத் தவிர.

அவர் எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோதும் தண்ணீர்தான் கேட்டார். நம் பள்ளிக்கு வந்த புதிது. கூட இரண்டு மாணவிகள். மூவருக்கும் கொடுத்தேன். அடுக்களைச் சுவரில் ஆணியில் கயிறு கட்டித் தொங்கிய என் நோட்டை அவர் கேட்காமலே எடுத்துப் புரட்டினார். சிலிண்டர் மாற்றிய தேதி, பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்த நேரம், தண்ணீர் லாரி வந்த நாள் எல்லாம் அதில் இருக்கும். நான் எட்டாவதோடு நின்றவள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் ஜெபப் புத்தகமும் மளிகை கட்டி வந்த பேப்பரும்தான். வெட்கமாக இருந்தது.

"ஏம்மா, லாரி வராத நாளக்கூட எழுதி வச்சிருக்கியளே?"

"வராததையும் எழுதினாத்தானே சிஸ்டர் கணக்கு?"

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். தூத்துக்குடி பக்கத்துக் கடற்கரைக்காரர். சிரிப்பும் பேச்சும் அலைக்கு மேலே கேட்கிற மாதிரித்தான் இருக்கும். "பிலோமினாம்மா, இந்தக் கை எனக்கு வேணும்" என்றார். அடுத்த சனிக்கிழமை பள்ளி வராந்தாவில் சேவைக் குழுவின் பதிவேட்டோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகள், இரண்டிரண்டு பேராக, தனியாக இருக்கும் முதியவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள் வீடுகளுக்குப் போவார்கள். பதிவேட்டில் ஒவ்வொரு வரியிலும் தேதி, வீடு, போன நேரம், வந்த நேரம், செய்த வேலை, கடைசிக் கட்டத்தில் சிஸ்டரின் கையெழுத்து. முப்பது மணி நேரம் சேர்ந்தால் ஆண்டு விழாவில் சான்றிதழ். அது கல்லூரியில் இடம் கிடைக்க உதவும் என்று பெற்றோருக்குத் தெரியும். "ரெண்ட நாலாப் போட்டுக்கோங்கம்மா, யாரு பாக்கப் போறா" என்று ஸ்வீட் டப்பாவோடு வந்தவர்கள் உண்டு. டப்பாவையும் நான் வாங்கியதில்லை, மணியையும் கூட்டியதில்லை. அந்தக் கறாரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை ஒளிக்கப் போவதில்லை.

ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு அவர் நடத்திய இளையோர் கூட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் கேரம் போர்டுதான். ஜெபம் கடைசிப் பத்து நிமிடம். பங்குச் சாமியார் முகம் சுளித்தபோது சிஸ்டர் சொன்னது: "பிள்ளைங்க வந்தா ஜெபம் வந்துரும் ஃபாதர். ஜெபத்த மட்டும் வச்சா நாமதான் வருவோம்." சிவப்புக் காயை அவர் விட்டுக்கொடுத்து யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. எந்த வீட்டுக்குப் போனாலும் கொண்டு போனதைக் கொடுக்கும் முன், செய்ய வந்ததைச் செய்யும் முன், அந்த வீட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும். குடத்துத் தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் சரி, டம்ளர் நசுங்கி இருந்தாலும் சரி. பாட்டில் கொண்டுவரக் கூடாது. "கொண்டு போனத வச்சிட்டு மட்டும் வந்தா அது கூரியர் வேலை" என்பார். "பைபிள்ல ஆண்டவரே கிணத்தடியில ஒரு பொண்ணுகிட்ட தண்ணி கேட்டுத்தான் பேச்ச ஆரம்பிச்சாரு."

தண்டையார்பேட்டையில் தனியாக இருந்த ஜமீலா பீயிடம் முதல் நாள் இதே மாதிரிக் கேட்டார். அந்தம்மா இடுப்பில் கை வைத்து, "இன்னா சிஸ்டரு, எனுக்கு ஒத்தாசை பண்ண வந்தியா, என்னைய வேலை வாங்க வந்தியா?" என்றார். "ரெண்டும்தான்" என்றார் சிஸ்டர். அதன் பிறகு எல்லா சனிக்கிழமையும் ஜமீலா பீ ரோஸ் மில்க் கலக்கி வைத்துக்கொண்டு, "நாலு மணி ஆவுது, எங்கடி போய்ச் சுத்திகினு கீறீங்க?" என்று பிள்ளைகளை அதட்டுவார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

ஆறு வருடம் முன்பு டெல்சி பதினோராம் வகுப்பு. ஏழு வாரம் தொடர்ந்து பதிவேட்டில் அவள் பக்கத்தில் முகத்துவாரக்குப்பத்தில் ஒரு வீடு இருந்தது. கூடப் போன ஜோடி இல்லை. 'நோயாளியைக் குளிப்பாட்டினேன், கஞ்சி வைத்தேன், துணி துவைத்தேன்.' இரண்டிரண்டு மணி நேரம். அந்த வீடு என் பட்டியலில் இல்லை. சரி பார்க்க ஒரு நாள் நானே போனேன். கழிமுகத்தை ஒட்டிய வீடு. உள்ளே பாயில், ஒரு பக்கம் கை கால் விழுந்துபோன நிலையில் ஒரு பெண். வாசலில் நின்றே, "யார் வந்து பார்த்துக்கிறாங்க?" என்று கேட்டேன். "என் பொண்ணு டெல்சிதான் கீறா. இப்ப இஸ்கூலு வுட்டு வந்துருவா. குந்துக்கா" என்றார். நான் உட்காரவில்லை. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, திரும்பிவிட்டேன்.

பதிவேட்டில் அந்த ஏழு வரிகளையும் சிவப்புப் பேனாவால் அடித்து, ஓரத்தில் 'சொந்த வீடு' என்று எழுதினேன். பதிவேடு வராந்தாவில் எல்லாரும் பார்க்கத் தொங்கும். திங்கட்கிழமைக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. அம்மா இப்படிக் கிடப்பதை அவள் ஒரு தோழியிடம்கூடச் சொன்னதில்லையாம். அந்தச் சனிக்கிழமை அவள் வரவில்லை. அடுத்த வாரம் பள்ளிக்கே வரவில்லை.

சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. பதிவேட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விதியைச் சொன்னேன்: சொந்த வீட்டையெல்லாம் எழுத ஆரம்பித்தால் எல்லாரும் அம்மாவுக்குப் பாத்திரம் கழுவியதை எழுதுவார்கள்.

"நாம போறது யாரும் இல்லாத வீட்டுக்கு. அந்த வீட்டுல அவளை விட்டா யாரும்மா இருக்கா?" என்றார். அவள் அப்பா விசைப்படகில் போகிறவர், வாரக்கணக்கில் கடலில் இருப்பார்.

பிறகு கேட்டார்: "அந்த வீட்டுல தண்ணி குடிச்சியளா?"

நான் குடிக்கவில்லை. கேட்கவே தோன்றவில்லை.

"அப்ப நீங்க இன்னும் அந்த வீட்டுக்குப் போகல. வாங்க, போவோம்."

அன்றே போனோம். டெல்சி கதவை மறித்து நின்றாள். சிஸ்டர் தண்ணீர் கேட்டார். "தண்ணி இல்ல சிஸ்டர். லாரி வர்ல. நீங்க போங்க." என்னைப் பார்க்கவே இல்லை. "லாரி எங்க நிக்கும்?" என்று கேட்டு, வாசலில் கிடந்த இரண்டு குடத்தையும் சிஸ்டர் எடுத்துக்கொண்டார். ஒன்றை என் கையில் திணித்தார். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம்.

"இன்னா சிஸ்டரம்மா, ஜபம் பண்ணா லாரி சீக்கிரம் வருமா?" என்றார் முன்னால் நின்ற ஒரு மீன்காரம்மா.

"லாரி வரும். லைன்ல நிக்காட்டி தண்ணி வராது" என்றார் சிஸ்டர்.

"அப்ப நீயும் ஒயுங்கா லைன்லயே நில்லு, நடுவுல பூராதே!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. அவர் உடுப்பு முன்பக்கமெல்லாம் நனைய, குடத்தை இடுப்பில் வைத்து நடந்த நடை இப்போதும் கண்ணில் நிற்கிறது. எங்கே கற்றார் என்று கேட்கவா வேண்டும், அவரும் ஒரு குப்பத்துப் பெண்தானே. தண்ணீரை அண்டாவில் ஊற்றிவிட்டு, "இப்பவாவது ஒரு டம்ளர் குடேன் மகளே" என்றார். டெல்சி மொண்டு கொடுத்தாள். சிஸ்டருக்கு மட்டும். என் கை நீண்டிருந்தது. அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெளியே வந்ததும் சிஸ்டர் சொன்னது இவ்வளவுதான்: "குடுக்கலன்னு கேக்கிறத விட்ராதிய."

நான் விடவில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து அந்த வீடு என் வீடானது. டெல்சியின் அம்மாவைக் குளிப்பாட்டினேன், கை கால் நீவிவிட்டேன். ஒரு மாதம் கழித்து அவள் பள்ளிக்குத் திரும்பினாள். நர்ஸ் படிப்புக்கும் போனாள். அவள் அம்மா இப்போது கோல் ஊன்றி நடக்கிறார், டீ போட்டுத் தருகிறார். டெல்சி மரியாதையாகப் பேசுவாள், தண்ணீர் மட்டும் தர மாட்டாள். எங்கள் வீட்டுக்கு மூன்று முறை வந்திருக்கிறாள். மூன்று முறையும் "தாகம் இல்ல ஆன்ட்டி."

நானும் ஒன்றைச் செய்யாமல் வைத்திருந்தேன். வராந்தாவில் பதிவேடு மாட்டுவதை சிஸ்டர் அன்றோடு நிறுத்திவிட்டார். ஆனால் அடித்த பக்கத்தை அவர் திருத்தவில்லை. "அடிச்சது நீங்க, எழுதுறதும் நீங்கதான் எழுதணும். எழுதினா நான் கையெழுத்துப் போடுவேன்" என்றார். டெல்சி அந்த வருடம் சான்றிதழ் இல்லாமலே போனாள். பேனாவை எடுப்பேன், விதி விதிதானே என்று மனம் வீம்பு பிடிக்கும், மூடிவிடுவேன். மாற்றலாகிப் போகும் நாளில் ஒரே ஒரு பையோடு பள்ளி வாசலில் நின்றவர், "அந்தப் பக்கம்?" என்றார். "அப்படியே இருக்கு சிஸ்டர்." "சரி. எழுதி அனுப்புங்க, போட்டு அனுப்புதேன்." அதன் பிறகு ஒவ்வொரு பெருவிழாவுக்கும் போனில் வாழ்த்துச் சொன்ன கையோடு கேட்பார். நானும் ஒவ்வொரு முறையும், "இதோ எழுதுறேன் சிஸ்டர்" என்பேன்.

போன மாதம் தண்ணீர் குடித்த அன்று டெல்சியிடம் கேட்டேன், ஏன் இன்றைக்குத் தண்ணீர் கேட்டாய் என்று. அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "எப்ப போன் பண்ணாலும் அவங்க இதான் ஆன்ட்டி கேப்பாங்க. 'பிலோமினாம்மா வூட்ல தண்ணி குடிச்சியா?' இல்லன்னுவேன். போன வாரமும் கேட்டாங்க. அப்பால பாத்துக்கலாம்னு இர்ந்துட்டேன்."

இரண்டு பேரிடமும் இவ்வளவு காலம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருத்தியிடம் கேட்பதை இன்னொருத்தியிடம் சொன்னதே இல்லை. டெல்சி குடித்தாள் என்பதை ஓடிப்போய்ச் சொல்ல எனக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான். அவர் போன் நம்பர் இன்னும் என் நோட்டில் இருக்கிறது. விரல் தானாக அங்கே போகிறது.

இப்போது சேவை மணியெல்லாம் செல்போனிலேயே ஏறிவிடுகிறது. பழைய பதிவேட்டை நான் வாங்கி வைத்திருக்கிறேன். அன்று சாயங்காலமே எடுத்து, சிவப்புக் கோடுகளுக்குக் கீழே அந்த ஏழு வரிகளையும் நல்ல கையெழுத்தில் திரும்ப எழுதினேன். தேதி, வீடு, போன நேரம், வந்த நேரம், செய்த வேலை. டெல்சி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். சிஸ்டர் கையெழுத்துப் போட வேண்டிய கடைசிக் கட்டம் ஏழும் காலியாக இருக்கின்றன. அவளும் போடச் சொல்லவில்லை, நானும் போடவில்லை.

சனிக்கிழமை மூன்று மணி ஆனால் எனக்கு நாக்கு வறண்டுவிடுகிறது. வீட்டில் குடம் நிறையத் தண்ணீர் இருக்கிறது. குடிக்காமல், போகிற வீட்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் தாகத்தைத்தான்.